டச்சு மொழியிற் செயப்பாட்டு வினை

செயப்பாட்டு வினை என்றவுடன் முகஞ் சுளித்தல் இக்காலத்து உரைநடை ஆசான்மார் பலர்க்கு இயல்பாகிவிட்டது. ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1946-ஆம் ஆண்டில் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி வரைந்த கட்டுரையொன்றில், செய்வினை வாய்க்குமிடத்துச் செயப்பாட்டு வினையை ஒருபோதும் ஆளலாகாது என்று விதி வகுத்தார். விதி வகுத்தவரே அக்கட்டுரையினுள் அவ்வினையைப் பன்முறை ஆண்டிருத்தலை எண்ணிப் பார்த்தோர் நகையாதிரார். எனினும் அவ்விதி நாடு கடந்தும் மொழி கடந்தும் பரவிற்று. நெதர்லாந்திலும் பெல்ஜிய நாட்டின் வடபாலும் வழங்குகின்ற டச்சு மொழியில் எழுதப் பயில்வோர்க்கும் இன்று அவ்வறிவுரையே பலரால் நல்கப்படுகின்றது. செயப்பாட்டு வினை சோம்பலானது, தெளிவற்றது, செய்தவனை ஒளித்து வைப்பது என்பர்.

இவ்வறிவுரை, டச்சு மொழியைப் பொறுத்தமட்டில், பாதி உண்மையே என்பது என் துணிபு. அம்மொழியின் செயப்பாட்டு வினை நுண்ணியதொரு கருவி. அதனைக் கல்லாது ஒதுக்குவோர் இருவகை இழப்பினை அடைவர். அதன் நயத்தையும் அறியார். அதனைக் கொண்டு சிலர் செய்யும் வஞ்சனையையும் கண்டுபிடிக்க மாட்டார். கத்தியாற் கை அறுபடும் என்று அஞ்சிக் கத்தியின் பிடி எது, அலகு எது என்பதனையே அறியாதிருத்தல் அறிவுடைமை ஆகுமோ?

முதற்கண் பெயரினை நோக்குவோம். டச்சு இலக்கணிகள் செயப்பாட்டு வினையை 'லைடெண்டெ வோர்ம்' என்பர். 'லைடென்' என்பது துன்புறுதல். ஆகவே இப்பெயர்க்குத் 'துன்புறும் வடிவம்' என்பதே பொருளாம். செயப்படுபொருளையும் 'துன்புறும் பொருள்' என்னும் பொருள்படவே அவர்கள் வழங்குகின்றனர். இலத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த வழக்கு இது. தமிழராகிய நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. அடிபடு, துன்பப்படு, பாடுபடு என்னுமிடங்களில் நிற்கும் 'படு' என்பதே நம் செயப்பாட்டு வினையின் துணைவினையும் ஆகின்றது. ஐரோப்பாவின் மேலைக்கடற் கரையில் வாழ்வோரும் தென்னாட்டில் வாழ்வோரும், ஒருவரையொருவர் கேளாமலே, ஒரு செயலுக்கு இலக்காதலைத் துன்புறுதலாகக் கண்டுள்ளனர்.

இனி, வடிவம். டச்சுச் செயப்பாட்டு வினை இரு சொற்களால் ஆவது: ஒன்று 'வோர்டென்' என்னும் துணைவினை, மற்றொன்று மூலவினையின் இறந்தகால எச்சம். எச்சத்தை ஆக்கும்போது வினைப்பகுதியின் முன்னே 'கெ' என்பதையும், பின்னே ஒரு டகர ஒலியையும் சேர்ப்பர். அவ்வீற்றினை எழுதுதற்கு வல்லெழுத்து ஒன்றும் மெல்லிய எழுத்து ஒன்றுமாக இரண்டு உள. எதனை எங்கு எழுதுவதென்று நினைவிற் கொள்ளுதற்கு டச்சுச் சிறார் 'ட் கோஃப்ஸ்கிப்' என்று ஒருவகைப் பழங் கப்பலின் பெயரை மனப்பாடஞ் செய்வர். அப்பெயரிலுள்ள மெய்களுள் ஒன்று வினைப்பகுதியின் ஈற்றில் நிற்குமாயின் வல்லெழுத்து, அன்றாயின் மற்றது. ஈற்றில் நின்றால் இரண்டும் செவிக்கு ஒன்றாகவே ஒலித்தலின் இச்சூழ்ச்சி வேண்டியதாயிற்று. இவ்விதிக்கு அடங்காது, உயிர் திரிந்தும் 'என்' என்று முடிந்தும் எச்சமாகும் வினைகளும் பல. 'லேசென்', அஃதாவது படித்தல், 'கெலேசென்' என்றாகும். 'ஸ்க்ரைவென்', அஃதாவது எழுதுதல், 'கெஸ்க்ரேவென்' என்றாகும். 'பெ', 'வெர்' முதலிய முன்னொட்டுக்களை உடைய வினைகள் 'கெ' ஏற்பதில்லை. இவற்றை மனப்பாடஞ் செய்தலன்றி வேறு வழியில்லை, புலம்பிப் பயனுமில்லை.

'ஹெட் புக் வோர்ட் டோர் டெ ஸ்டூடென்ட் கெலேசென்' என்றால், புத்தகம் மாணவனாற் படிக்கப்படுகின்றது என்பது பொருள். துணைவினை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிற்க, கருத்தைத் தாங்கும் எச்சம் தமிழ் வினையே போல இறுதிக்குச் சென்றுவிடுகின்றது. இடையில் எத்துணைச் சொற்கள் வரினும், முடிவை எட்டும்வரை என்ன நிகழ்ந்தது என்பது விளங்காது. ஆங்கிலத்திற் பழகியோர் இதனைக் குறையாகக் கூறுவர். தமிழர்க்கு இது பழகிய தெருவே ஆகும். இறந்தகாலத்தில் 'வோர்ட்' என்பது 'வெர்ட்' என்று மாறும். பன்மையில் நிகழ்காலம் 'வோர்டென்', இறந்தகாலம் 'வெர்டென்'. செயல் முடிந்தமையைச் சொல்ல வேண்டுமிடத்தோ 'வோர்டென்' விலகிக்கொள்ள, 'இஸ்' என்னும் வேறொரு துணைவினை வந்து நிற்கின்றது. அதன் பன்மை 'சைன்'.

இவ்விடத்தேதான் ஆங்கிலத்தின் வழியாக டச்சு பயில்வோர் இடறுகின்றனர். ஆங்கிலத்திலும் 'இஸ்' உண்டு. டச்சிலும் 'இஸ்' உண்டு. ஒலியும் ஒன்று, பிறப்பும் ஒன்று. ஆதலின் இதற்கு அதுவே நேர் என்று கொண்டுவிடுகின்றனர். அஃது அன்று. ஒரு கடையை எண்ணிக் கொள்க. 'டெ விங்கெல் வோர்ட் கெஸ்லோட்டென்' என்றால், கடை இப்பொழுது சாத்தப்படுகின்றது. விரைந்து ஓடுவோன் உள்ளே நுழைந்துவிடக் கூடும். 'டெ விங்கெல் இஸ் கெஸ்லோட்டென்' என்றால், கடை சாத்தியாயிற்று; ஓடிப் பயனில்லை, வீடு திரும்பலாம். முன்னது நிகழ்ச்சியைக் காட்டுவது. பின்னது நிகழ்ச்சி முடிந்தபின் எஞ்சிய நிலையைக் காட்டுவது. ஆங்கிலம் தன் 'இஸ்' என்னும் ஒரே சொல்லால் இவ்விரண்டையும் மயங்கச் சொல்லும். தெளிவு வேண்டின் மேலும் ஒரு சொல்லைத் தேடும். டச்சு மொழிக்கோ நிகழ்காலத்தில் அம்மயக்கம் இல்லை.

இஃது எதனால் என்று ஆராயின் 'வோர்டென்' என்பதன் பிறப்பு புலனாம். தனித்து நிற்குமிடத்து அஃது 'ஆகுதல்' என்னும் பொருளது. அதன் வேர், திரும்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் 'வெர்டெரெ' என்பதற்கும், வடமொழியில் 'வர்த்ததே' என்று வரும் வினைக்கும் உரிய வேரே ஆகும். திரும்புதலினின்று ஆகுதல், ஆகுதலினின்று செயப்படுதல். பண்டை ஆங்கிலத்திலும் இவ்வினை இருந்தது. செயப்பாட்டுப் பொருளிலும் ஆளப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் அதனைக் கைவிட்டனர். டச்சு மக்களும் ஜெர்மானியரும் விடாது காத்தனர். ஆகவே, ஆங்கிலத்தின் வழியே டச்சுச் செயப்பாட்டு வினையை அணுகுவோன், கதவை இழந்த வீட்டினின்று கதவுடைய வீட்டை அளக்கப் புகுவான். தமிழன் நேரே செல்லலாம். 'சாத்தப்படுகிறது' என்பதற்கும் 'சாத்தியிருக்கிறது' என்பதற்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுக் குழந்தையும் அறியும். டச்சு மொழிக்கு இலக்கணநூல் எழுதும் தமிழர் எவரேனும் இருப்பின், ஆங்கில உதாரணங்களை மொழிபெயர்த்து அடுக்காமல் இவ்வேற்றுமையினின்றே தொடங்குதல் வேண்டும் என்பேன்.

டச்சு மொழியிலும் மயக்கம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. முடிந்த செயலைக் கூறுங்கால் ஜெர்மானியர் 'இஸ்ட்' என்பதனோடு 'வோர்டென்' என்பதையும் ஈற்றிற் சேர்த்து, நிகழ்ச்சி இது, நிலை இது எனப் பிரித்துக் காட்டுவர். டச்சுப் பொதுவழக்கில் அவ்வீற்றுச் சொல் விடப்பட்டது. ஆதலின் 'டெ விங்கெல் இஸ் கெஸ்லோட்டென்' என்பது கடை சாத்தப்பட்டது என்றும் பொருள்படும். சாத்தியிருக்கிறது என்றும் பொருள்படும். 'நேற்று' என்னும் சொல் சேர்ந்தால் முன்னது. 'ஒரு வாரமாக' என்பது சேர்ந்தால் பின்னது. 'ஆறு மணிக்கு' என்று மட்டும் சேர்ந்தாலோ, ஆறு மணிக்குச் சாத்தினார்களா, ஆறு மணிக்குச் சென்றால் சாத்தியிருக்குமா என்பதை இடம் நோக்கியே உணர்தல் வேண்டும்.

ஏட்டு ஆராய்ச்சிக்கு இவ்வறிவு எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு சொல்லாற் காட்டலாம். ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை நிறுவினர். நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை தம் கையில் வைத்திருந்தனர். அவர்தம் கம்பெனி எழுத்தர் வரைந்த ஏடுகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்திலும், கொழும்பிலும், சென்னை ஆவணக் காப்பகத்திலும் உள. அத்தகைய ஏடொன்றில் ஒரு வீட்டினைக் குறித்து 'இஸ் வெர்கோக்ட்' என்று காணப்படின், ஆங்கிலப் பழக்கம் உடையவர் 'விற்கப்படுகின்றது' என்று எழுதிவிடக் கூடும். டச்சுச் சொல்லோ விற்பனை முடிந்துவிட்டது என்று கூறுகின்றது. உடைமை இன்னும் கையிலிருக்கின்றதா, கைமாறிவிட்டதா என்னும் முழு வழக்கும் ஒரு துணைவினையில் தங்கியிருக்கின்றது.

இனி, டச்சுச் செயப்பாட்டு வினையின் தலைசிறந்த விநோதம் ஒன்றனைக் கூறுவேன். செயப்படுபொருள் குன்றிய வினையும் அம்மொழியிற் செயப்பாட்டு வினையாகும். ஆடுதல், உறங்குதல், உழைத்தல், சிரித்தல் முதலியவற்றிற்குச் செயப்படுபொருள் ஏது? அஃதின்றியும் 'எர் வோர்ட் கெடான்ஸ்ட்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'அங்கே ஆடப்படுகின்றது'. ஆடுவோர் யாவர் என்பதைப் பற்றிய கவலை இல்லை. ஆட்டம் நிகழ்கின்றது என்பதே செய்தி. கதவு தட்டும் ஓசை கேட்டால் 'எர் வோர்ட் கெக்லோப்ட்' என்பர். தட்டியவர் இன்னார் என்று இன்னும் தெரியாதன்றோ? 'எர்' என்பது பொருளற்றுத் தொடக்கத்தை நிரப்பி நிற்கும் சொல். இவ்வமைப்பு ஆங்கிலத்திற்கு இல்லை. நம் மொழியிலும் இதற்கு நேரான செயப்பாட்டு வடிவம் இல்லை. 'ஆடுகிறார்கள்' என்று யாரையும் சுட்டாத பலர்பாலால் அதனை நிறைவு செய்கின்றோம். வடமொழி பயின்றோர் மட்டும் இதனைக் கண்டவுடன் முறுவலிப்பர். 'தேந ஸுப்யதே', அஃதாவது 'அவனால் உறங்கப்படுகின்றது', என்னும் பாவே பிரயோகம் இதுவே அன்றோ? இலத்தீனிலும் இத்தகைய வழக்கு உண்டு.

இவ்வடிவம் எல்லா வினைக்கும் ஏலாது என்பதே இதனினும் வியப்பு. ஆடப்படும், உழைக்கப்படும், சிரிக்கப்படும். ஆயின் 'எர் வோர்ட் கெவாலென்', அஃதாவது 'விழப்படுகின்றது', என்று சொன்னால் டச்சுக்காரர் நெற்றியைச் சுருக்குவர். ஒருவன் மனம்வைத்துச் செய்யும் தொழிலே இவ்வடிவிற்கு ஏற்றது. தானாக நேர்வது ஏலாது. மேலும், விழுதல், இறத்தல் முதலாகத் தானாக நேரும் வினைகள் முடிந்த காலத்தை 'இஸ்' கொண்டு ஆக்க, ஆடுதல், உழைத்தல் முதலியன 'ஹேஃப்ட்' என்னும் வேறு துணைவினை கொண்டு ஆக்கும். இவ்விரு பிரிவுகளும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. அமெரிக்க மொழியியலாரான டேவிட் பெர்ல்மட்டர் 1978-இல், செயப்படுபொருள் குன்றிய வினைகள் உண்மையில் இரு சாதியின என்னும் கொள்கையை நிறுவப் புகுந்தபோது, இந்த டச்சு வழக்கினையே சான்றாகக் கொண்டார். அக்கொள்கை பின்னர் உலக மொழிகள் பலவற்றின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. சிறிய நாடொன்றில் அன்றாடம் பேசப்படும் சிறு வாக்கியம் மொழிநூலுக்கு இத்துணை பயன்பட்டது.

வீட்டிலும் இதற்குப் பயன் உண்டு. படுக்கையில் கூச்சலிடும் பிள்ளைகளை நோக்கித் தாய் 'நூ வோர்ட் எர் கெஸ்லாப்பென்' என்பாள், 'இனி உறங்கப்படும்!' என்பது சொற்பொருள். ஏவல் வினை இல்லை, முன்னிலை இல்லை, ஆயினும் இதனினும் கடுமையான ஏவலை இயற்றுதல் அரிது. 'எர் வோர்ட் ஹீர் நீட் கெரோக்ட்' என்றால், 'இங்கே புகை பிடிக்கப்படுவதில்லை'. பிடிக்காதே என்பதினும் இது வலியது. இவ்விடத்து வழக்கமே அஃதன்று என்று முடித்துவிடுகின்றது. வாதாடுதற்கு எதிரே ஆள் இல்லை. செயப்பாட்டு வினை சோம்பலானது என்று கூறுவோர் இத்தாயின் குரலை ஒருமுறை கேட்டல் நன்று.

மற்றொரு வழக்கு, நம் செய்யுள் நடைக்கும் மேடை நடைக்கும் அணுக்கமானது. ஒருவனுக்கு நூல் அனுப்பப்பட்டது என்பதை அவனையே எழுவாயாக்கிக் கூற வேண்டின், டச்சில் 'வோர்டென்' பயன்படாது. 'பெறுதல்' என்னும் பொருளுடைய 'கிரைகென்' வந்து, 'ஹை கிரேக் ஹெட் புக் டூகெஸ்டூர்ட்' என்றாகும். 'அவன் நூல் அனுப்பப்பெற்றான்' என்பது போலும். தமிழிலும் 'படு' என்பதோடு 'பெறு' என்பதும் துணைவினையாய் நிற்றலை நோக்குக. நாம் அதனைச் சிறப்புக்கு உரித்தாக்கிக்கொண்டோம். தலைவர் பாராட்டப்பெற்றார் என்போம். திருடன் தண்டிக்கப்பெற்றான் என்று சொல்ல நா எழாது.

ரயில் நிலையத்து அறிவிப்பொன்றைப் பற்றிய வழக்கையும் ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றேன். 'பயணிகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்' என்னுமிடத்துத் துணைவினை ஒருமையா, பன்மையா? பயணிகள் நான்காம் வேற்றுமைப் பொருளினர், எழுவாய் அல்லர். ஆதலின் 'வோர்ட்' என்னும் ஒருமையே முறை என்று பழைய இலக்கணிகள் வற்புறுத்தினர். மக்கள் நாவோ 'வோர்டென்' என்னும் பன்மையை நாடிற்று. இன்று மொழி ஆலோசனை கூறுவோர் இரண்டனையும் ஏற்கின்றனர். இதற்காகச் செலவான மை மிகுதி.

இனி, என் வாதத்தின் நடுவிடத்திற்கு வருகின்றேன். செயப்பாட்டு வினையிற் செய்தவனைக் கூற வேண்டின், டச்சு மொழி 'டோர்' என்னும் இடைச்சொல்லை ஆளும். அதன் முதற்பொருள் 'ஊடாக' என்பது. முற்காலத்தில் செய்தவனுக்கு 'வான்' என்னும் மற்றோர் இடைச்சொல்லே மிகுதியும் வழங்கிற்று. 1637-இல் வெளிவந்த அரசாங்க விவிலிய மொழிபெயர்ப்பில், சொல்லுவிப்போனாகிய இறைவனுக்கு 'வான்' என்பதும், எவர் வாயிலாகச் சொல்லப்பட்டதோ அத் தீர்க்கதரிசிக்கு 'டோர்' என்பதும் வேறுவேறாக நிற்றலைக் காணலாம். பிற்காலத்தில் 'டோர்' என்பதே இரண்டிடத்தையும் கைப்பற்றிற்று. தமிழின் மூன்றாம் வேற்றுமை கருவிக்கும் கருத்தாவுக்கும் ஒன்றாகவே நிற்றலை நன்னூல் கற்றோர் அறிவர்.

ஆயினும், 'டோர்' என்று தொடங்கும் அத்தொடரைச் சொல்லாது விடுதலும் இலக்கணத்திற்கு ஒத்ததே. இந்த விடுகையினின்றே நன்மையும் தீமையும் பிறக்கின்றன.

நன்மைக்குச் சான்று அந்நாட்டு அரசியற் சட்டத்தின் முதல் விதி. 1983-இல் சட்டம் முழுவதும் புதுக்கப்பட்டபோது, நெதர்லாந்திலுள்ளார் அனைவரும் ஒத்த நிலைகளில் ஒப்ப நடத்தப்படுவர் என்னும் கருத்து, 'வோர்டென்' கொண்ட செயப்பாட்டு வினையாக முதலிடத்தில் வைக்கப்பட்டது. யாரால் நடத்தப்படுவர்? அங்கு அது கூறப்படவில்லை. அரசனால் என்றோ, நீதிபதியால் என்றோ, வரி அதிகாரியால் என்றோ ஒருவரைக் குறித்திருந்தால் ஏனையோர் தப்பித்துக்கொள்வர். செய்வோனை விட்டமையால் கடமை பரந்துபட்டது. நடத்தப்படுவோனே எழுவாயாய்த் தலைநிமிர்ந்து நிற்கின்றான். ஆர்வெல் விதியைப் பின்பற்றி இதனைச் செய்வினையாக மாற்றிப் பாருங்கள், விதி சுருங்கிவிடும்.

தீமைக்குச் சான்று 'எர் சைன் ஃபௌட்டென் கெமாக்ட்' என்னும் வாக்கியம். 'பிழைகள் செய்யப்பட்டுள்ளன' என்பது பொருள். டச்சு நாட்டுப் பொதுவாழ்வில் யாவர்க்கும் பழகிய சொற்றொடர் இது. பிற நாட்டு அரசியலாரும் இதன் உடன்பிறப்புக்களை நன்கறிவர். பிழை ஒப்புக்கொள்ளப்படுகின்றது, பிழைத்தவர் இல்லை. மழை பெய்தது என்பது போலப் பிழையும் வானத்தினின்று வீழ்ந்துவிடுகின்றது. குழந்தைப் பராமரிப்புக்கென அளிக்கப்பட்ட உதவித்தொகையின் பொருட்டுப் பல்லாயிரம் பெற்றோர்களை அந்நாட்டு வரித்துறை மோசடிக்காரராகக் கருதி, பெருந்தொகைகளைத் திருப்பிச் செலுத்துமாறு வற்புறுத்திய கொடுமையை நாளிதழ் படிப்போர் அறிவர். அவருள் பிறநாட்டு வழியினர் பலர். 2020 டிசம்பர் 17-ஆம் நாள் பாராளுமன்ற விசாரணைக் குழுவினர், இது கண்டறியாத அநீதி என்று தலைப்பிட்ட அறிக்கையை வெளியிட்டனர். 2021 ஜனவரி 15-ஆம் நாள் மார்க் ருட்டெயின் அமைச்சரவை பதவி விலகிற்று. இத்தகைய நிகழ்ச்சியில், 'பெற்றோர்கள் மோசடிக்காரராகக் கருதப்பட்டனர்' என்பதோடு வாக்கியத்தை நிறுத்தினால், முதல் விதியில் ஏழைக்கு அரணாய் நின்ற அவ்வடிவமே இங்கு அதிகாரிக்குத் திரையாய்விடும். வடிவம் ஒன்றே. அரண் எது, திரை எது என்று பகுப்பது, 'டோர் யார்?' என்று வினவும் படிப்பாளியின் தொழில்.

அவ்வினாவிற்கு விடையாக அமைந்த ஓர் உரையையும் குறிப்பிடுதல் தகும். 2022 டிசம்பர் 19-ஆம் நாள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில், அந்நாட்டின் பிரதம மந்திரியாயிருந்த அதே ருட்டெ, பண்டை அடிமை வாணிகத்திலும் அடிமை முறையிலும் டச்சு அரசிற்கு இருந்த பங்கின்பொருட்டு மன்னிப்புக் கோரினார். அவ்வுரையை இலக்கணக் கண்கொண்டு நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். 1814 வரையில் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கப்பலேற்றப்பட்டனர் என்று கூறுமிடத்து அவர் ஆண்டது செயப்பாட்டு வினையே. ஆனால் 'டோர்' அங்கு விடப்படவில்லை; டச்சு அடிமை வாணிகரால் என்பது வாக்கியத்தின் கடைக்கோடியில், தப்ப இயலாத இடத்தில், நின்றது. ஒல்லாந்தக் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட ஆசிய நிலப்பகுதிகளில் 6,60,000 முதற் பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் வரை விற்று வாங்கப்பட்டனர் என்று கூறியதும் 'வெர்டென்' கொண்ட செயப்பாட்டு வினையாலேதான். மன்னிப்பைக் கோருமிடத்திலோ அவ்வினை அறவே நீங்கி, 'நான்' என்னும் எழுவாயொடு செய்வினை வந்தது. மன்னிப்புக் கோரப்படுகின்றது என்று அவர் சொல்லியிருந்தால், கோருவோர் யார் என்று கேட்டோர் வினவியிருப்பர். துன்புற்றோரைப் பற்றிய வாக்கியத்தில் துன்புற்றோரே எழுவாய். பொறுப்பேற்கும் வாக்கியத்திற் பொறுப்பேற்போன் எழுவாய். எழுவாயைத் தேர்ந்து வைத்தற்கு டச்சு மொழி அளிக்கும் வசதி முழுவதும் இவ்விடத்துப் பயன்பட்டது. அவ்வுரை போதுமானதா, காலந்தாழ்ந்ததா என்று அந்நாட்டிலும் சுரினாமிலும் எழுந்த வழக்கு வேறு; அதனை ஈண்டு விரித்திலேன். 2023 ஜூலை 1-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் அரசர் வில்லம் அலெக்சாந்தர் மன்னிப்புக் கோரியதும் தன்மை எழுவாயோடு கூடிய செய்வினையினாலேயே.

அண்மைக் காலத்தில் 'அடிமை' என்னும் பொருளதாகிய 'ஸ்லாஃப்' என்னும் பெயரை விலக்கி, 'டொட் ஸ்லாஃப் கெமாக்ட்' என்று வழங்குவோர் டச்சு மக்களிடையே பெருகியுள்ளனர். அடிமையாக ஆக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். நீளமானது, செயற்கையானது என்று அதனை வெறுப்பாரும் உளர். யான் அதனை வெறுக்கமாட்டேன். 'அடிமை' என்னும் பெயர், கருப்பன் நெடியன் என்பன போல, அவனது இயல்பினைக் கூறுவதாய் மயக்கும். 'கெமாக்ட்' என்னும் எச்சமோ செயப்பாட்டு வினையினின்று வந்தது. அது தோன்றிய கணமே, ஆக்கியவன் ஒருவன் உளன் என்பது தானே பெறப்படும். ஒரு சொல்லும் கூட்டாமல் 'டோர் யார்?' என்னும் வினாவை அது தன்னுள்ளேயே சுமந்து வருகின்றது.

ஒல்லாந்தர் கம்பெனிக் கணக்கேடுகளைப் படிக்க விரும்பும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக. சோழமண்டலக் கரைத் துறைகளினின்று மனிதர்களைக் கப்பலேற்றிய பதிவுகள் அவற்றுள் உள. அங்கெல்லாம் தலைகளின் தொகை உண்டு, விலை உண்டு, கப்பலின் பெயர் உண்டு. 'ஸ்லாஃப்' என்னும் பெயர்ச்சொல்லும் உண்டு. 'கெமாக்ட்' என்னும் எச்சம் அதன் அருகில் இல்லை.